லாபம் அவர்களுக்கு, நஷ்டம் ஜனங்களுக்கு!
(தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

துணியில் பழுது விழுந்தால் நெசவாளியின் கூலியில் பிடித்தம் செய்யும் மில்களை நாம் கண்டிருக்கிறோம். ஆனால் கோடிக்கணக்கில் பழுது செய்தவனுக்கு என்ன பிடித்தம்? அமெரிக்காவில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்கிறோம், கேளுங்கள்.

லாக்ஹீட் என்பது அங்கே யுத்த விமானம் செய்து வந்த ராட்சசக் கம்பெனி. 1965-ல் சி-5ஏ என்னும் பிரம்மாண்டமான ராணுவச் சரக்கு விமானத்துக்குக் கண்ட்ராக்ட் விடப்பட்டது. போயிங்கும் டக்ளஸும் போட்டியிட்டன. குறைந்த விலை கேட்டு லாக்ஹீட் ஜெயித்தது. முழு வேலைக்கும் முன்கூட்டியே விலை பேசியாயிற்று, இனிச் செலவு ஏறாது என்று அதிகாரிகள் மார்தட்டினார்கள். ஆனால் ஒப்பந்தத்தின் உள்ளே ஒரு ஷரத்து ஒளிந்திருந்தது. முதல் தொகுதி விமானங்களுக்குச் செலவு மிஞ்சினால் இரண்டாம் தொகுதியின் விலையைக் கூட்டிக் கொள்ளலாம்! இப்படி ஒரு கண்ட்ராக்ட் கிடைத்தால் எவன்தான் சிக்கனம் பார்ப்பான்?

1968 நவம்பரில், விமானப்படையின் செலவுக் கணக்கைப் பார்த்து வந்த எர்னஸ்ட் பிட்ஜெரால்டு என்ற சிவில் அதிகாரி பார்லிமெண்ட் கமிட்டி முன் உண்மையை ஒப்புக்கொண்டார். செலவு 200 கோடி டாலர் வரை மிஞ்சக்கூடும்! உண்மை சொன்னவருக்குக் கிடைத்த பரிசு என்ன? வேலை பறிபோயிற்று. போராடித்தான், 1973-ல் அவரை மீண்டும் வேலையில் சேர்க்க உத்தரவு பெற்றார்.

1971 பிப்ரவரியில் கம்பெனித் தலைவர் டானியல் ஹாட்டன் இந்தக் கண்ட்ராக்டில் 20 கோடி டாலர் நஷ்டத்தை ஏற்க வேண்டி வந்தது. அதே மாதம், லாக்ஹீடின் பயணிகள் விமானத்துக்கு என்ஜின் செய்து வந்த பிரிட்டிஷ் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி திவாலாயிற்று. அடி யார் மேல் விழுந்தது? ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

பிறகு அதே தொழிலாளர்களின் பெயரைச் சொல்லியே சர்க்காரிடம் உதவி கேட்டார்கள். கம்பெனி விழுந்தால் பல்லாயிரம் பேருக்கு வேலை போகும் என்றார்கள். 25 கோடி டாலர் கடனுக்கு சர்க்கார் ஜாமீன் நிற்க மசோதா வந்தது. கீழ்ச்சபையில் 192-க்கு 189. செனட்டில் 49-க்கு 48. ஒரே ஒரு ஓட்டில் கம்பெனி பிழைத்தது!

அந்தக் கடன் பின்னர் அடைபட்டது; அதை நாம் மறைக்கவில்லை. நாம் கேட்பது வேறு. கடனில் மூழ்கும் ஏழைக் குடியானவனுக்கு எந்த சர்க்கார் இப்படி ஓடிவந்து ஜாமீன் நிற்கிறது?

விமானம் என்ன ஆயிற்று? 100-க்கு மேல் செய்வதாகத் திட்டம், வந்தவை 81. அவற்றின் இறக்கைகளிலும் வெடிப்பு கண்டது. 1980-களில் புது இறக்கை பொருத்த 100 கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று. அந்த வேலையும் லாக்ஹீடுக்கே போயிற்று! பழுது செய்தவனுக்கே பழுது பார்க்கவும் கூலி!

விமானம் விற்க இந்தக் கம்பெனி பல நாடுகளில் கோடிக்கணக்கில் லஞ்சம் கொடுத்ததும் 1976-ல் அம்பலமாயிற்று. ஹாட்டன் பதவி விலகினார். ஜப்பானின் முன்னாள் பிரதமர் டனாகா கைதானார்.

தோழர்களே! ரிவெட் அடித்த தொழிலாளி இந்தக் கண்ட்ராக்டை எழுதவில்லை; லஞ்சமும் வாங்கவில்லை. ஆனால் வேலை இழந்தவன் அவன். முதலாளிக்குக் கேடயமாக நிறுத்தப்பட்டவனும் அவனே. ஜனங்களின் பணத்தில் நடக்கும் வேலைக்கு ஜனங்கள் முன்னால் கணக்கு வைக்க வேண்டும். கணக்கைச் சொல்பவனுக்குப் பாதுகாப்பும் வேண்டும். உங்கள் வேலைக்காகத்தான் என்று எவன் வந்து சொன்னாலும், கணக்கைக் காட்டு என்று கேட்போம்! ஒரே குரலில் கேட்போம்!