தள்ளிவைப்பு வேறு, வாய்தா வேறு



குற்றவியல் நீதிமன்றங்களில் நாள்தோறும் புழங்குவோரும் சட்டக் கல்லூரிகளில் அதைக் கற்பிப்போரும் கற்போரும் சேர்ந்து அமர்ந்திருக்கும் இக்கருத்தரங்கிற்குத் தலைமையேற்க அழைத்தமைக்கு அமைப்பாளர்களுக்கு நன்றி. பெங்களூரில், தமிழில், இப்படியொரு பொருளை எடுத்துக்கொண்டதற்குத் தனிப் பாராட்டு.

நாம் பேசப்போகும் பொருள் பார்வைக்குச் சிறியது. போதைப்பொருள் வழக்கில் அரசுத் தரப்புச் சாட்சி ஒருவரின் முதல் விசாரணை முடிகிறது. எதிரியின் வழக்கறிஞர் எழுந்து, “இவரை இப்போது குறுக்கு விசாரணை செய்யவில்லை; அடுத்த சாட்சிகளும் சொல்லி முடிக்கட்டும், பிறகு செய்கிறேன்” என்கிறார். நீதிபதி எப்போது இசைய வேண்டும், எப்போது மறுக்க வேண்டும்? குறைந்தபட்சத் தண்டனையே பத்தாண்டு என்று வரும் வழக்குகளில், வழக்கின் முடிவே இதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்து அமைந்துவிடுவதுண்டு.

சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம். சாட்சியச் சட்டம் சொல்லும் வரிசை முதல் விசாரணை, குறுக்கு விசாரணை, மறு விசாரணை. இதுவே பொது விதி. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 231(2)ஆம் பிரிவு அதற்கு ஒரு விலக்கு தந்தது: வேறு சாட்சிகளை விசாரிக்கும்வரை ஒரு சாட்சியின் குறுக்கு விசாரணையைத் தள்ளிவைக்க நீதிபதி தம் விருப்புரிமைப்படி அனுமதிக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இதே ஏற்பாடு 254ஆம் பிரிவில் இருக்கிறது. போதைப்பொருள் வழக்குகளை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றமும் செஷன்ஸ் நீதிமன்றத்தின் நடைமுறையையே பின்பற்றுவதால், இந்த விலக்கு அங்கும் பொருந்தும்.

இந்த விலக்கு எதற்காக? எந்த வழக்கையும் சுட்டாமல், வழக்கமாக நடப்பதைச் சொல்கிறேன். மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தருகே ஓர் இளைஞனின் கால்சட்டைப் பையிலிருந்து 12 கிராம் எம்.டி.எம்.ஏ. கைப்பற்றியதாக வழக்கு. அந்தப் பொருளுக்கு வணிக அளவு 10 கிராம். ஆகவே 10 முதல் 20 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். சாட்சிகள் யார்? சோதனைக்குப் போன இன்ஸ்பெக்டர், உடன் போன காவலர்கள், போதைப்பொருள் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி வரவழைத்த அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி, மகஜரில் கையெழுத்திட்ட பஞ்சர் இருவர். முதல் விசாரணையில் எல்லோரும் மகஜரில் உள்ளதை அப்படியே சொல்வார்கள். வேறுபாடு வெளிப்படுவது மகஜரில் எழுதாத சின்னச் சங்கதிகளில்தான். எடைபோட்ட தராசு எங்கிருந்து வந்தது? 50ஆம் பிரிவு நோட்டீசை எழுதியது யார், ஜீப்பில் உட்கார்ந்தா, நடைபாதையில் நின்றா? முத்திரை வைத்தபின் அந்த முத்திரையை யாரிடம் கொடுத்தார்கள்?

இன்ஸ்பெக்டரை இன்றைக்கே குறுக்கு விசாரணை செய்து, “தராசு ஜீப்பிலேயே இருந்தது” என்று அவர் சொல்லிவிட்டால், அடுத்த வாய்தாவுக்கு வரும் காவலருக்கும் தராசு ஜீப்பிலேயே இருக்கும். ஒரே நிலையத்தில் பணியாற்றுபவர்கள். நீதிமன்றத்துக்கும் ஒரே வண்டியில் வருகிறவர்கள். சாட்சி கூண்டேறும்வரை வெளியே நிற்க வேண்டும் என்ற வழக்கம், வேறொரு நாளில் வரப்போகும் சாட்சியைக் கட்டுப்படுத்துவதில்லை. தற்காப்புத் தரப்பு தன் கேள்விகளை முன்கூட்டியே காட்டிவிடக்கூடாது என்று அஞ்சுவதில் நியாயம் உண்டு.

மறுபக்கத்தின் அச்சமும் பொய்யல்ல. பஞ்சராக வருபவர் பெரும்பாலும் ஆட்டோ ஓட்டுநர், தள்ளுவண்டிக்காரர், பக்கத்துக் கடை ஊழியர். முதல் விசாரணைக்கும் குறுக்கு விசாரணைக்கும் இடையில் மாதங்கள் ஓடினால், மறதி பாதி வேலையைச் செய்யும். மீதியை யாராவது வீட்டுக்கு வந்து செய்துவிட்டுப் போவார்கள். வினோத்குமார் எதிர் பஞ்சாப் மாநிலம் என்ற ஊழல் வழக்கில், 2015இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது இதைத்தான். அங்கே முக்கியச் சாட்சியின் முதல் விசாரணைக்கும் குறுக்கு விசாரணைக்கும் நடுவே 20 மாதங்கள் போயின. முன்னர் சொன்னதிலிருந்து சாட்சி பின்வாங்கினார்.

இவ்விரு அச்சங்களையும் எடைபோட்டுப் பார்த்த தீர்ப்பு, கேரள மாநிலம் எதிர் ரஷீத். 2018 அக்டோபர் 30 அன்று நீதிபதிகள் அபய் மனோகர் சப்ரே, இந்து மல்ஹோத்ரா அமர்வு வழங்கியது. ஒரு கொலை வழக்கில் விசாரணை நீதிமன்றம் மறுத்த தள்ளிவைப்பை உயர் நீதிமன்றம் அனுமதித்திருந்தது. அந்த அனுமதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சாட்சிக்கு மிரட்டலோ அழுத்தமோ வருமா, பின்வரும் சாட்சிகள் தங்கள் சொல்லைத் திருத்திக்கொள்ள வாய்ப்புண்டா, நினைவு மங்குமா, வழக்கு இழுபடுமா என்று நீதிபதி ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்றது. அதைவிட முக்கியமாக ஒரு நடைமுறையைத் தந்தது: குற்றச்சாட்டு வனைந்ததும் வழக்குக்கு ஒரு நாட்காட்டி போட வேண்டும்; ஒரே சங்கதியைப் பேசும் சாட்சிகளை அடுத்தடுத்து நிறுத்த வேண்டும்; தள்ளிவைப்புக் கோரிக்கையை இயன்றவரை நாட்காட்டி போடுவதற்கு முன்பே எழுப்ப வேண்டும்; அனுமதித்தால் காரணத்தைச் சொல்லி, அருகிலேயே ஒரு தேதியையும் குறிக்க வேண்டும்; இடைப்பட்ட நாட்களில் சாட்சியைப் பாதுகாக்க வேண்டும்.

இங்கேதான் நான் வலியுறுத்த விரும்பும் கருத்து. தற்காப்பு உத்தி வெளிப்படக்கூடாது என்பதே தள்ளிவைப்புக்குக் காரணம் என்றால், வெறுமனே தள்ளிவைப்பதால் அந்தக் காரணம் நிறைவேறாது. ஆறு சாட்சிகளின் முதல் விசாரணையும் முடியும்வரை காத்திருந்துவிட்டு, பிறகு மாதத்துக்கு ஒருவராகக் குறுக்கு விசாரணை செய்தால், முதல் ஆளின் பதில் இரண்டாம் ஆளுக்கு எட்டத்தான் செய்யும். சோதனைக் குழுவினர் எல்லோரையும் ஒரே நாளில், முடியாவிட்டால் தொடர்ந்து வரும் நாட்களில், ஒருவர்பின் ஒருவராகக் கூண்டில் ஏற்றினால்தான் அந்தப் பயன் கிட்டும். தேதி குறிக்காத தள்ளிவைப்பு, கோரியவருக்கும் பயன்படாது. எதிர்த்தவரின் அச்சத்தையும் மெய்யாக்கும். நடைமுறையில் நாம் காண்பது பெரும்பாலும் அதைத்தான். வழக்கறிஞர் வேறொரு கோர்ட்டில் இருப்பார். அவருடைய இளையவர் எழுந்து நின்று தள்ளிவைக்கக் கேட்பார். உத்தரவில் காரணமும் இராது, தேதியும் இராது. அது 231(2) அல்ல, வாய்தா. வாய்தாவுக்குத் தனிப் பிரிவு உண்டு, தனிக் கட்டுப்பாடும் உண்டு. புதிய சட்டத்தின் 346ஆம் பிரிவு, தரப்பினரின் கட்டுப்பாட்டை மீறிய சூழ்நிலையில்கூட இரண்டு வாய்தாவுக்கு மேல் தரவேண்டாம் என்கிறது.

போதைப்பொருள் வழக்கில் இந்தக் கலப்படத்தின் விலையைச் சுமப்பவர் யார்? போதைப்பொருள் சட்டத்தின் 37ஆம் பிரிவின் கடுமையால் வணிக அளவு வழக்கில் ஜாமீன் எளிதில் கிட்டாது. ஆகவே தம் வழக்கறிஞர் கேட்டு வாங்கும் ஒவ்வொரு மாதத்தையும் எதிரியே பரப்பன அக்ரஹாரா சிறையில் கழிக்கிறார். தானா சிங் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றத்தின் முன் நின்றவர், விசாரணைக் கைதியாகவே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர். அத்தீர்ப்பு போதைப்பொருள் வழக்குகளில் சாட்சி விசாரணைக்குத் தொடர் நாட்களை ஒதுக்கச் சொன்னது. 2023இல் முகமது முஸ்லிம் வழக்கில், விசாரணை அளவுமீறி இழுபட்டால் 37ஆம் பிரிவு ஜாமீனுக்குத் தடையாகாது என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் ஜாமீன் தாமதத்துக்கு ஆறுதல்தான், மருந்தல்ல.

நம் மாநிலத்திலிருந்து போன பி. ராமச்சந்திர ராவ் எதிர் கர்நாடக மாநிலம் வழக்கையும் நினைவில் கொள்ள வேண்டும். இத்தனை ஆண்டுக்குள் வழக்கை முடிக்காவிட்டால் தள்ளுபடி என்று நீதிமன்றம் பொதுக் கெடு விதிக்க முடியாது என 2002இல் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. மேலிருந்து கெடு வராது என்றால், விசாரணை நீதிபதி போடும் நாட்காட்டிதான் நமக்கு மிஞ்சும் கெடு.

பெங்களூருக்கே உரிய இரண்டு சிக்கல்களையும் சொல்ல வேண்டும். முதலாவது மொழி. பஞ்சர் தமிழிலோ தெலுங்கிலோ இந்தியிலோ பேச, பதிவு கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ நடக்கும். எதிரி வெளிநாட்டவராக இருந்தால், சாட்சியம் அவருக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட வேண்டும் என்பது சட்டம். முதல் விசாரணையின் படி கையில் கிடைத்து, கட்சிக்காரருக்கு அதை விளக்கச் சில நாள் கேட்பது நேர்மையான காரணம். அதைக் காரணமாகவே பதிவுசெய்து நாட்களைக் குறிக்கலாம். இரண்டாவது இடமாற்றம். போதைப்பொருள் கட்டுப்பாட்டு முகமையின் அதிகாரி இங்கே சோதனை நடத்திவிட்டு, சாட்சி சொல்லும்போது நாட்டின் இன்னொரு மூலையில் பணியில் இருப்பார். அரசு ஊழியரின் சாட்சியத்தைக் காணொலி வழியே பதிவுசெய்ய 254ஆம் பிரிவு இப்போது இடம் தருகிறது. பயணம் மிச்சமாகும், தொடர் நாட்களில் விசாரிக்கவும் கைகொடுக்கும். ஆனால் முத்திரையிட்ட பொட்டலத்தைத் திரையில் காட்டி, “இது உங்கள் கையெழுத்தா?” என்று கேட்பது போதுமா? எதிர்முனையில் அவருக்கு அருகே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை யார் பார்ப்பது?

எனவே அமர்வுகளில் பேசப்போகிறவர்களிடம் மூன்று கேள்விகளை வைக்கிறேன். குற்றச்சாட்டு வனையும் நாளிலேயே, சோதனைக் குழு, பஞ்சர், ஆய்வகம் என்று சாட்சிகளைத் தொகுதியாகப் பிரித்து நாட்காட்டி போடும் மாதிரிப் படிவம் ஒன்றை நாம் உருவாக்க முடியுமா? தள்ளிவைப்பு மனுவில் எந்தச் சாட்சிக்காக, எந்தச் சங்கதிக்காக, எந்தத் தேதிவரை என்ற மூன்றையும் எழுதாமல் மனுவை ஏற்பதில்லை என்ற வழக்கத்தை வழக்கறிஞர்களே தமக்குள் கொண்டுவர முடியுமா? இரகசியம் என்று காட்டத் தயங்கும் தற்காப்பு உத்தியை வெளியிடாமலே போதிய காரணம் சொல்வது எப்படி? மூன்றாவதே கடினமானது. கேள்வியைச் சொல்லாமல், ஒரே சங்கதியைப் பேசும் சாட்சிகள் இன்னின்னார் என்று மட்டும் காட்டினால் போதும் என்பது என் கருத்து. அதை மறுப்பவர்கள் இந்த அவையில் இருப்பார்கள், அவர்களுடைய வாதத்தைக் கேட்கவே வந்திருக்கிறேன்.

அரசு வழக்கறிஞர்களும் தற்காப்பு வழக்கறிஞர்களும் நீதிமன்றத்தில் எதிரெதிரே நிற்பவர்கள். இந்த ஒன்றில் மட்டும் இருவருக்கும் வேண்டியது ஒன்றே: நெருங்கிய தேதி. அந்தப் பொதுத் தேவையிலிருந்து விவாதத்தைத் தொடங்குமாறு கேட்டுக்கொண்டு, முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.