செய்தி எல்லோர்க்கும் எட்டுக



1893-இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். நம் செய்தியை நாமே எழுதி நாமே பரப்ப வேண்டுமென்பதை அப்பெரியோர் அன்றே உணர்ந்திருந்தனர். நம் மாலை வகுப்புத் தொண்டர்கள் இன்று 'ஸ்லாக்' என்னும் கைப்பேசிச் செயலியைக் கையாள முனைந்திருப்பதும் அவ்வழியில் ஒரு சிற்றடியே ஆகும்.

வாட்ஸ்அப் இருக்க இஃது எதற்கு என்று சிலர் வினவுகின்றனர். ஒரே குழுவில் காலை வணக்கங்களும் பிறந்தநாள் வாழ்த்துகளும் குவியும்போது, கல்வி உதவித்தொகைக்குரிய கடைசி நாள் பற்றிய அறிவிப்பு அவற்றினடியில் புதைந்துவிடுகிறது. இழப்பு ஏழை மாணவனுக்கே. ஸ்லாக்கில் உதவித்தொகைக்கு ஒன்று, வகுப்புகளுக்கு ஒன்று, கணக்கு வழக்குகளுக்கு ஒன்று எனப் பொருள்தோறும் தனிச் சேனல் அமைக்கலாம். ஒரு செய்திக்குரிய மறுமொழிகளை அதன் கீழேயே தொடுத்து வைக்கலாம்.

எனினும், எழுத்தறிவு ஒருசிலரின் உடைமையாய் இருந்த காலத்தின் கொடுமையை நம்மினும் அறிந்தவர் யார்? கைப்பேசி அறிவும் நம்முள் ஒருசிலரின் உடைமையாகிவிடலாகாது.

ஆகவே இளைஞர்களே, மூத்தவரின் கைப்பேசியை வாங்கி நீங்களே எல்லாவற்றையும் செய்து கொடுக்காதீர்கள். சிலேட்டைப் பிடுங்கி எழுதித் தரும் ஆசிரியரிடம் எந்தப் பிள்ளையும் எழுதக் கற்பதில்லை. அவர் விரலே திரையைத் தொடட்டும். முதல் வாரத்தில் செய்தியைப் படிக்கவும் மறுமொழி எழுதவும் மட்டும் பழகினால் போதும். பயிற்சிக்கென்றே ஒரு சேனல் வையுங்கள். அங்கு நேரும் பிழையைக் கண்டு எவரும் நகைக்க வேண்டாம். தட்டச்சு வராதவர், கைப்பேசி விசைப்பலகையிலுள்ள ஒலிவாங்கிக் குறியைத் தொட்டுத் தமிழில் பேசியே எழுதலாம். மூத்தவர் ஒவ்வொருவருக்கும் ஓர் இளைஞர் துணை நிற்க வேண்டும்.

கட்டணமின்றிப் பயன்படுத்துவோர் 90 நாட்களுக்கு முந்தைய செய்திகளை ஸ்லாக்கில் காண இயலாது. எனவே முடிவுகள் யாவும் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்திலும் ஏற வேண்டும். ஸ்மார்ட்போன் இல்லாத உறுப்பினருக்கு யார் நேரில் சென்று உரைப்பது என்பதும் முன்னரே முடிவாக வேண்டும்.

கல்வியையும் ஒன்றுபடுதலையும் அண்ணல் அம்பேத்கர் பிரித்துக் காணவில்லை. நாமும் பிரித்துக் காண வேண்டாம். கடைசி உறுப்பினருக்கும் எட்டிய பின்னரே ஒரு செய்தி அறிவிக்கப்பட்டது எனக் கொள்வோம்.