நம் கையால் ஓர் ஒலிபெருக்கி

(தோட்ட இளைஞர்களுக்கென ஆற்றப்பெற்ற உரை)



நம்மவர் இல்லங்கள் பலவற்றில் விலைமதிப்பற்ற செல்வம் ஒன்று உறங்கிக் கிடக்கின்றது. பாட்டி பாடிய தாலாட்டு, கோயில் திருவிழாவில் பெரியவர்கள் நிகழ்த்திய கூத்து, கப்பலேறி வந்த கதையைத் தாத்தா தம் வாயாலேயே கூறியது ஆகியவற்றைப் பதிவு செய்த பழைய ஒலிநாடாக்களே அச்செல்வம். தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, குடும்பங்கள் வெவ்வேறு ஊர்களுக்குப் பிரிந்து போயின. லயங்கள் இடிந்தன, ஆனால் அக்குரல்கள் இன்னும் எஞ்சியுள்ளன. நாடாவோ ஆண்டுக்கு ஆண்டு நைந்து வருகின்றது. அதிலுள்ள சொற்களைத் தெளிவாகக் கேட்டு எழுதி வைக்க இன்று தவறினால், நாளை அவை கிடைக்கமாட்டா.

தெளிவாகக் கேட்பதற்கு நல்ல ஒலிபெருக்கிகள் வேண்டும். கடையில் தவணைக்கு வாங்கிக் கடனில் சிக்குவோர் உண்டு. மலிவானதை வாங்கி, சொல் புரியாமல் இரைச்சலைக் கேட்போரும் உண்டு. இவ்விரண்டும் இன்றி, நல்லதொரு இணை ஒலிபெருக்கியை வீட்டிலேயே செய்துகொள்ளும் வழியை இன்று விளக்க விரும்புகின்றேன்.

முதலில், ஒலிபெருக்கி எவ்வாறு இயங்குகின்றது என்பதை அறிதல் வேண்டும். காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள். அதனோடு ஒட்டப்பட்ட ஒரு கூம்பு. மின்னோட்டம் மாறி மாறிப் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் அசைகின்றது, கூம்பு காற்றைத் தள்ளுகின்றது, அதுவே ஒலி. அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் பொறியியலார் இருவர் 1925ஆம் ஆண்டில் இவ்வமைப்பை விளக்கி ஆய்வுரை வெளியிட்டனர். அடிப்படை இன்றும் அதுவே.

அப்படியாயின் பெட்டி எதற்கு? கூம்பு முன்னே காற்றை நெருக்கும்போது பின்னே அதே காற்று தளர்கின்றது. தாழ்ந்த சுரங்களில் இவ்விரண்டும் சுற்றி வந்து கலந்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. பின்பக்க ஒலியை அடைத்து வைப்பதே பெட்டியின் முதற்கடமை. அடைபட்ட காற்று ஒரு சுருள்வில்லைப் போலவும் செயற்படுகின்றது. பெட்டி மிகச் சிறிதானால் வில் விறைத்துத் தாழ்சுரம் குறையும். மிகப் பெரிதானால் கூம்பு கட்டுப்பாடிழக்கும். எட்கர் வில்சர் என்பார் 1954ஆம் ஆண்டில் இக்காற்று வில்லையே பயன்படுத்திச் சிறிய மூடிய பெட்டியில் ஆழ்ந்த ஒலியைப் பெற்றுக் காட்டினார். ஆஸ்திரேலியரான நெவில் தீல் 1961இலும், அவருக்குப்பின் ரிச்சர்ட் ஸ்மால் 1970களிலும் இதனை எளிய கணக்காக்கித் தந்தனர். எனவே பெட்டியின் அளவை ஊகிக்க வேண்டுவதில்லை, கணக்கிட்டே அறியலாம்.

அக்கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். தாழ்சுரத்திற்கு ஆறரை அங்குல ஊஃபர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதனோடு வரும் தாளில் மூன்று எண்களைத் தேடுக. எஃப்.எஸ். என்பது அதன் இயல்பு அதிர்வெண். 40 ஹெர்ட்ஸ் எனக் கொள்வோம். கியூ.டி.எஸ். என்பது கூம்பு எவ்வளவு விரைவில் அடங்குகின்றது என்பதைக் காட்டும், அது 0.40 ஆகுக. வி.ஏ.எஸ். என்பது கூம்பின் தொங்கலுக்கு இணையான காற்றின் அளவு. அது 24 லிட்டர் ஆகுக. மூடிய பெட்டியில் சீரான ஒலி தருவதற்கு ஏற்ற எண் 0.707.

0.707ஐ 0.40ஆல் வகுத்தால் 1.77 வரும். அதனை அதனாலேயே பெருக்கினால் 3.13. ஒன்றைக் கழித்தால் 2.13. இனி 24 லிட்டரை 2.13ஆல் வகுத்தால் 11.3 லிட்டர். இதுவே பெட்டிக்குள் இருக்கவேண்டிய காற்று. 40 ஹெர்ட்ஸை 1.77ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 71 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழேதான் ஒலி விரைந்து குறையும். மனிதக் குரலுக்கும் நம் இசைக்கருவிகள் பலவற்றிற்கும் இது போதுமானது. உங்கள் ஊஃபரின் எண்கள் வேறானால் அவ்வெண்களையே இட்டுக் கணக்கிடுக.

ஊஃபரின் பின்னுடல், உள்ளே வைக்கும் குறுக்குச் சட்டம், மின்பாகங்கள் ஆகியன இடம் பிடிக்குமாதலின் 12 லிட்டர் உள்ளளவு கொள்வோம். அகலம் 18, உயரம் 32, ஆழம் 21 சென்டிமீட்டர் என அமைத்தால் சற்றேறக்குறைய அவ்வளவே வரும்.

பலகைக்கு எங்கே போவது? தோழர்களே, நாம் பால்வெட்டிய மரமே இங்கு உதவுகின்றது. சுமார் 25 முதல் 30 ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்த ரப்பர் மரம் ஒரு காலத்தில் விறகாகவே எரிந்தது. 1980கள் தொட்டு அது மலேசியத் தளபாடத் தொழிலின் முதுகெலும்பாயிற்று. அதன் நாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையும் இங்கேயே உற்பத்தியாகின்றது. அதிர்வு குறைந்து கனத்திருக்கும் 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகை பெட்டிக்கு மிகவும் ஏற்றது. வெட்டிய பச்சை ரப்பர் மரத்தை நேரே பயன்படுத்தலாகாது. மருந்தூட்டி உலர்த்தாத அம்மரத்தைப் பூசணமும் வண்டும் விரைவில் அழித்துவிடும்.

ஒரு பெட்டிக்கு வேண்டிய துண்டுகள் வருமாறு: முன்னும் பின்னும் 35.6க்கு 21.6 சென்டிமீட்டரில் இரண்டு. பக்கங்களுக்கு 32க்கு 21இல் இரண்டு. மேலும் கீழும் 21.6க்கு 21இல் இரண்டு. இரு பெட்டிகளுக்கும் எட்டடிக்கு நாலடிப் பலகையில் மூன்றில் ஒரு பங்கு போதும். எனவே மூன்று குடும்பத்தார் சேர்ந்து ஒரு பலகை வாங்கினால் வீணாகாது. பலகைக் கடையிலேயே இயந்திரத்தால் அறுத்து வாங்குவது நன்று. வீட்டில் அறுப்பதாயின் திறந்த வெளியில், மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் அணிந்தே அறுத்தல் வேண்டும். அத்தூள் நுரையீரலுக்குத் தீங்கு செய்வது.

மரப்பசை பூசி, இறுகக் கட்டி, ஓர் இரவு முழுதும் உலரவிடுக. உள்ளே பக்கங்களுக்கிடையே குறுக்குச் சட்டம் ஒன்று பொருத்துக. எல்லா இணைப்புகளிலும் பசையை விரலால் தடவிச் சிறு துளையும் இல்லாமல் அடைத்திடுக. செயற்கைப் பஞ்சை உள்ளே தளர்வாக நிரப்புக. பொருத்தி முடித்தபின் ஊஃபர் கூம்பை மெல்ல உள்ளழுத்தி விடுக. அது மெதுவாகத் திரும்பினால் பெட்டி காற்றிறுக்கமானது. சட்டென்று திரும்பினால் எங்கோ கசிவுண்டு.

அடுத்து, உயர்ந்த சுரத்திற்கான ட்வீட்டர். 'ச' போன்ற எழுத்துகளின் ஒலி பெரிதும் உயர் அதிர்வெண்களில் உள்ளது. ட்வீட்டர் இல்லையேல் பாட்டியின் குரல் கேட்கும், சொல் விளங்காது. ஊஃபருக்குத் தாழ்சுரத்தையும் ட்வீட்டருக்கு உயர்சுரத்தையும் பிரித்தனுப்ப கிராஸ்ஓவர் என்னும் மின்சுற்று தேவை. இரண்டும் 8 ஓம் உடையனவாயின், 3000 ஹெர்ட்ஸில் பிரிப்பதற்கு 3.3 மைக்ரோஃபாரட் மின்தேக்கி இரண்டும் 0.85 மில்லிஹென்றி கம்பிச்சுருள் இரண்டும் ஒரு பெட்டிக்குப் போதும். ஊஃபருக்குச் சுருளைத் தொடராகவும் மின்தேக்கியைக் குறுக்காகவும் இணைத்திடுக. ட்வீட்டருக்கு மின்தேக்கியைத் தொடராகவும் சுருளைக் குறுக்காகவும் இணைத்திடுக. இவ்வமைப்பில் ட்வீட்டரின் கூட்டல், கழித்தல் முனைகளை மாற்றி இணைத்தல் வேண்டும். மின்தேக்கி முனைவேறுபாடு அற்ற வகையாக இருப்பது கட்டாயம். ட்வீட்டரின் இயல்பு அதிர்வெண் 1500 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதைப் பார்த்து வாங்குக.

ஊஃபரின் முனைகளை அறிய 1.5 வோல்ட் மின்கலம் ஒன்றைக் கணநேரம் தொடுக. கூம்பு முன்னே வந்தால் மின்கலத்தின் கூட்டல் முனை தொட்ட இடமே கூட்டல். ட்வீட்டரை இவ்வாறு சோதிக்கலாகாது. அதன் மெல்லிய சுருள் கெடும். இரு பெட்டிகளையும் ஒரேவிதமாக இணைத்தல் வேண்டும். ஒன்று தலைகீழானால் தாழ்சுரம் மறைந்துவிடும். பாடுபவர் நடுவில் நின்று பாடுவதுபோல் தோன்றாது. வீட்டு மின்சாரத்தில் இயங்கும் ஒலிப்பெருக்கி இயந்திரத்தை மட்டும் திறக்காதீர்கள்; அதனுள் உயிர் பறிக்கும் மின்னழுத்தம் உண்டு.

பெட்டிகளைக் காதின் உயரத்தில், சுவரிலிருந்து சற்றே விலக்கி, நீங்கள் அமரும் இடத்தோடு முக்கோணமாக வைத்திடுக. ஆற்றலைப் பத்து மடங்கு உயர்த்தினாலும் 10 டெசிபெல்தான் கூடும். ஆகவே 20 வாட் இயந்திரமே வீட்டிற்குத் தாராளம். அண்டை வீட்டார் விடியுமுன் எழுந்து மரம் வெட்டச் செல்பவர் என்பதை மறவாமல், இரவில் அளவாக ஒலிக்கச் செய்வதே பண்பு. நல்ல ஒலிபெருக்கி மெல்லிய ஒலியிலும் சொல்லைத் தெளிவாகக் கூறும்; அதுவே அதன் சிறப்பு.

இவ்வேலை நம்மால் ஆகுமா என்று ஐயுறுவோர் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். மரத்தின் உயிர்ப்படலத்தைக் காயப்படுத்தாமல், ஒரு மில்லிமீட்டர் அளவே பட்டையை விட்டு நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களில் வெட்டும் கை நம்முடையது. அக்கைக்கு ஒரு பலகையைக் கோடு தவறாமல் இழைப்பது அரிதன்று. பள்ளியில் கணக்குப் பயிலும் பிள்ளைகள் அளவைக் கணக்கிடட்டும். பெரியவர்கள் பெட்டி செய்யட்டும். பாட்டிமார் கேட்டுச் சொற்களைத் திருத்தட்டும். எழுதத் தெரிந்தவர்கள் எழுதி வைக்கட்டும். இவ்வாண்டு முடிவதற்குள் ஒவ்வொரு தோட்டத்திலும் ஓர் இணை ஒலிபெருக்கியும் ஒரு குறிப்பேடும் உருவாகுமாயின், நம் முன்னோரின் குரல் நம் பேரப்பிள்ளைகளின் செவியையும் சென்றடையும் என்று கூறி விடைபெறுகின்றேன்.