கூடிக் கணிக்கும் பொறிகள்
(பாஞ்சாலங்குறிச்சிப் பொழிவு)



வாய் பேசாத ஒருவர் படை நடத்திய மண் இது. 1801 பிப்பிரவரியில் பாளையங்கோட்டைச் சிறையினின்று மீண்ட ஊமைத்துரை, வெள்ளையர் இடித்த கோட்டையைச் சில நாள்களிலேயே மீண்டும் எழுப்பி, மே வரை அவர்தம் படையைத் தடுத்து நின்றார். அவர் ஆணையிட்ட முறையை எதிர்ப்படையிலிருந்த வெல்சு என்பவரே எழுதி வைத்துள்ளார். சிறு வைக்கோல் துண்டுகளை இடக்கையில் பரப்புவார்; அவை பகைவர் படை. வலக்கையால் வாரித் தள்ளுவார். அது தாக்குக என்னும் ஆணை. சொல்லின்றியே மொழி நடந்தது!

குறிகளின் வரிசைகளையே மொழியெனக் கொண்டு ஆய்வது கணிப்பியலின் ஒரு துறை. ஒரு வரிசை முறைப்படி அமைந்ததா அன்றா எனக் கூறும் கருத்துப்பொறியே தன்னியங்கி. முன்பு முத்துக்குளித்த இக்கரையோரத்தார்க்கு மாலையைக் காட்டி விளக்கலாம். முதலில் முத்துகள், அடுத்து அதே எண்ணிக்கையில் பவழங்கள், அடுத்து அதே எண்ணிக்கையில் சங்குமணிகள். எத்துணை நீண்ட மாலையாயினும் பொறி சரிபார்த்தல் வேண்டும்.

அளவுபட்ட நிலைகள் மட்டுமே கொண்ட எளிய பொறி இங்குத் தோற்கும். மாலை நீண்டால் அதற்கு எண்ணிக்கை தப்பிவிடும். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாய் வைப்பதுபோன்ற நினைவடுக்கு உடைய பொறி சற்று மேலானது. முத்துக்கு ஒரு தட்டு வைக்கும். பவழத்துக்கு ஒரு தட்டு எடுக்கும். சங்குமணி வரும்போதோ அடுக்கு வெறுமையாகிவிடும். அதுவும் தோற்கும்.

தனித்துத் தோற்பவை கூடினால் வெல்லுமா? சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் கமலா கிரித்திவாசனும் உடன் ஆய்ந்தோரும் 1999இல் இவ்வினாவுக்கு விடை கண்டனர். ஒரு பொறி விட்ட இடத்தினின்று மற்றது தொடரவேண்டும் என்பது அவர்தம் ஏற்பாடு. எளிய பொறிகள் எத்தனை கூடினும் ஆற்றல் அணுவளவும் கூடவில்லை. அக்கூட்டம் செய்வதனைத்தையும் அதே வகைத் தனிப்பொறி ஒன்றே செய்துவிடும். அடுக்குடைய பொறிகள் கூடியபோதோ வேறொன்று நிகழ்ந்தது. பவழம் ஒவ்வொன்றுக்கும் முதற்பொறி ஒரு தட்டு எடுக்க, இரண்டாம் பொறி தன் அடுக்கில் ஒன்று வைக்கும். சங்குமணிக்கு அதனை எடுக்கும். மாலை மட்டுமன்று, 1936இல் தூரிங்கு வகுத்த, எக்கணிப்புக்கும் உரிய பெரும்பொறியின் முழு ஆற்றலும் அக்கூட்டுக்கு வாய்த்தது! நினைவில்லார் கூட்டத்திற்கும் நினைவுடையார் கூட்டத்திற்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கே காட்டிற்று.

கமலா அம்மையாரின் தொடக்கம் இன்னும் உவப்பானது. தாம்பரம் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர்களான கிப்டு சிரோமணி, இராணி சிரோமணி இருவருடனும் இணைந்து, தமிழ்ப் பெண்டிர் வாயிலில் இடும் கோலத்துக்கு இலக்கணம் வகுத்து 1974இல் வெளியிட்டார். புள்ளியும் கோடும் குறிகள். கோலம் அவற்றால் ஆன மொழி. ஆயினும் கோலத்தின் இலக்கணம் ஆங்கிலத்திலன்றோ அச்சேறிற்று! கோலமிடும் கைக்கு அது எட்டுவதெப்படி?

தமிழில் சொல்லவியலாது என்பார் உளர். நிலை, அடுக்கு, தன்னியங்கி ஆகிய மூன்று சொற்கள் போதுமாயிருந்தன இவ்வளவும் சொல்ல. ஐயமுற்றோர் இரு சிறுவரைத் திண்ணையில் அமர்த்தி, ஆளுக்கோர் அடுக்குத் தட்டு கொடுத்து, மாலையை மணிமணியாய் அவர்முன் நகர்த்திப் பார்க்கட்டும்.