வாலிபரின் வீண் அச்சம்

(பஞ்சாயத்து அங்கத்தினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் சிறிது கூச்சமானதுதான். சாலை, கிணறு, உரம் இவற்றைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். வீட்டிலுள்ள 16 வயதுப் பையன் சோறு இறங்காமல் ஏன் மூலையில் உட்கார்ந்திருக்கிறான் என்று மட்டும் கேட்கமாட்டோம்.

நமது வட்டாரத்து விவசாயி ஒருவர், கறவை மாட்டுக் கடனைப் பற்றி விசாரிக்க வந்தவர், மகனைப் பற்றிச் சொல்லிக் கண் கலங்கினார். தாயின் தோட்டை அடகு வைத்து, மாதம் ஒரு முறை நகரத்து விடுதியில் வந்து தங்கும் 'வைத்தியர்' ஒருவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டானாம். மூன்று மாதம் லேகியம் தின்றும் பயம் தீரவில்லை, படிப்புதான் நின்றது. அவனுக்கு வந்த நோய் என்ன? உறக்கத்தில் விந்து வெளிப்பட்டது. அவ்வளவே!

பெண் பூப்பெய்தினால் பந்தல் போட்டு ஊரைக் கூட்டுகிறோம். (அதனால் அக்குழந்தை படும் கூச்சம் தனிக் கதை.) பையன் பருவமடைவதை ஒருவரும் அவனுக்கு எடுத்துச் சொல்வதில்லை. அந்த மௌனத்தில்தான் போலி வைத்தியர் கடை விரிக்கிறார்.

விந்து இரத்தம் சுண்டி உண்டாவதன்று. பருவம் வந்தபின் உடல் அதை ஓயாமல் உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது. உறக்கத்தில் வெளிப்படுவதாலோ கைப்பழக்கத்தாலோ உடல் மெலிவதில்லை, நரம்பு தளர்வதில்லை, பின்னாளில் பிள்ளைப்பேறு தடைப்படுவதும் இல்லை. சிறுநீர் சில சமயம் வெண்மையாகக் கலங்குவது பெரும்பாலும் அதிலுள்ள உப்பினால். போலி வைத்தியர் இதையே காட்டி 'தாது நஷ்டம்' என்று மிரட்டுவார்.

இன்னொன்று. 13, 14 வயதில் பையன்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மார்பில் சிறு வீக்கம் தோன்றும். பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளில் தானே வற்றிவிடும். இதை அறியாமல் கேலிக்கு அஞ்சி, பம்புசெட்டுத் தொட்டியில் சட்டையைக் கழற்றாமல் குளிக்கும் பிள்ளைகளை நாமே கண்டிருக்கிறோம். கேலி செய்பவர்களில் பெரியவர்களும் உண்டு என்பதை வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது.

இவ்வச்சம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. சுவிட்சர்லாந்து வைத்தியர் திஸ்ஸோ 1760-ல் வெளியிட்ட பிரெஞ்சு நூல் ஐரோப்பாவையே இப்படி நடுங்கச் செய்தது. பிற்கால மருத்துவம் அதைத் தள்ளிவிட்டது. நம் நாட்டில் மனநல மருத்துவர் என். என். விக், விந்து நஷ்டம் என்ற எண்ணத்தால் வரும் சோர்வையும் கவலையையும் 1960-ல் 'தாது' என்ற சொல்லைக்கொண்டே ஒரு மனநிலைக் கோளாறாகப் பெயரிட்டு விவரித்தார். நஷ்டம் கற்பனை, துன்பம் உண்மையானது. ஆகவே பையனைப் பார்த்துச் சிரித்துவிடாதீர்கள்.

பஞ்சாயத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஆண்மையைப் பெருக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டு மருந்து, மாந்திரிக சிகிச்சை விளம்பரத் தடைச் சட்டம் தடுக்கிறது. பஸ் நிழற்குடையிலும் பஞ்சாயத்துச் சுவரிலும் ஒட்டிய அத்தகைய தாள்களைக் கிழிக்கச் செய்யுங்கள். மருந்து ஆய்வாளருக்கு எழுதுங்கள். கைப்பேசியில் வரும் விளம்பரங்களுக்குச் சுவர் இல்லை. அங்கே வீட்டார் பேச்சு ஒன்றே துணை. தகப்பனாருக்கு நா எழாவிட்டால் தாய்மாமன் பேசட்டும்.

2022 அக்டோபரில் தொடங்கிய மனநலத் தொலைபேசிச் சேவையின் எண் 14416. இரவும் பகலும் கட்டணமின்றிப் பேசலாம். இந்த எண்ணைப் பஞ்சாயத்து அலுவலக வாசலில் எழுதிவையுங்கள். உறக்கமின்றித் தனித்திருக்கும் பிள்ளை 'இருந்து என்ன பயன்' என்று சொல்லிவிட்டால் மறுநாள் வரை காத்திராதீர்கள். தனியே விடாமல் உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அந்த விவசாயியின் மகனை ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் அனுப்பினோம். டாக்டர் அரைமணி நேரம் பேசினார். மருந்து ஒன்றும் எழுதவில்லை. பையன் மறுபடி படிக்கப் போகிறான். தோடு மட்டும் இன்னும் அடகுக் கடையில் இருக்கிறது.