கடுகுக்கு உறவான கீரை



லண்டன் சூப்பர்மார்க்கெட்டுகளில் சாலட் இலைகள் அடுக்கிய குளிர்த்தட்டில், பிளாஸ்டிக் பைக்குள் கரும்பச்சையாகச் சுருண்டு கிடக்கும் ஒரு கீரை. வாட்டர்கிரெஸ் என்று எழுதியிருக்கும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அதை நான் கீரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. உணவகத்தில் இறைச்சிக்குப் பக்கத்தில் அழகுக்கு ஒரு கொத்து வைப்பார்கள். சாப்பிடுகிறவர் அதைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டு எழும்பிப் போவார். ஒருநாள் அந்தக் கொத்தில் இரண்டு இலையைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தேன். முதலில் வெறும் பச்சை வாசம். நன்றாக மென்றதும் மூக்குக்குள் சுள்ளென்று ஏறியது. எனக்குத் தெரிந்த உறைப்பு அது. அம்மியில் கடுகு அரைபடும்போது எழும்புகிற அதே உறைப்பு.

சும்மா இல்லை, இது கடுகின் சொந்தக்காரிதான். கடுகு, முள்ளங்கி, கோவா, வாட்டர்கிரெஸ் எல்லாம் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்துக்கு ஒரு தந்திரம் உண்டு. கந்தகம் கலந்த ஒரு பொருளும் அதை உடைக்கிற நொதியும் இலைக்குள் தனித்தனியே இருக்கும். இலையை மென்றாலோ நறுக்கினாலோ இரண்டும் கலக்கும், உறைப்பு பிறக்கும். சூடு பட்டால் நொதி செத்துவிடும். அதனால்தான் கடுகைத் தாளித்தால் உறைப்பதில்லை, பச்சையாக அரைத்தால் கண்ணில் நீர் வருகிறது. இதைத் தெரிந்துகொண்டால் இந்தக் கீரையைச் சமைக்கப் புத்தகம் வேண்டாம். உறைப்பு வேண்டுமென்றால் அடுப்பில் வைக்காதீர்கள். வேண்டாமென்றால் வையுங்கள்.

முதலில் பச்சையாக. வல்லாரைச் சம்பல் போடத் தெரிந்தவருக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. தடித்த தண்டைக் கழித்துவிட்டு இலையையும் இளந்தண்டையும் மெல்லிசாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், உப்பு சேர்த்துப் பிசைந்து, சாப்பிட உட்காருகிற நேரத்தில் தேசிக்காய்ப்புளி விட வேண்டும். பச்சை மிளகாயைப் பாதியாகக் குறையுங்கள், கீரையே உறைக்கும். முன்கூட்டிப் பிசைந்து வைத்தால் தண்ணீர் விட்டுத் துவண்டுபோகும். என்னைக் கேட்டால், இந்தக் கீரைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. சூப்பும் சாண்ட்விச்சும் இதற்கு அடுத்தபடிதான்.

வறைக்கும் நல்லது. ஆனால் முருங்கையிலைபோல நேரம் கொடுக்கக் கூடாது. கடுகு, செத்தல் மிளகாய், வெங்காயம் தாளித்து, கீரையைப் போட்டு இரண்டு புரட்டு, தேங்காய்ப்பூ தூவி இறக்கிவிட வேண்டும். பெரிய கட்டு சட்டிக்குள் ஒரு பிடியாகச் சுருங்கிவிடும். நாலு பேருக்கு ஒரு பை போதும் என்று நினைத்து ஏமாந்தவள் நான். பருப்பிலும் சொதியிலும் போடுவதென்றால் அடுப்பை அணைத்த பிறகு போடுங்கள், அந்தச் சூடே போதும்.

இங்கிலாந்தில் இது பணக்காரர் தட்டின் அலங்காரமாகத் தொடங்கவில்லை. 1808இல் கென்ட் பகுதியில் கிரேவ்ஸெண்டுக்குப் பக்கத்தில் வில்லியம் பிராட்பெரி என்பவர் ஊற்றுநீரைப் பாத்திகளில் ஓடவிட்டு இதை வியாபாரத்துக்குப் பயிரிட்டார். பிறகு ஹாம்ப்ஷரின் சுண்ணக்கல் நிலத்துக்கும் இந்தப் பயிர் பரவியது. அங்கே நிலத்தடியிலிருந்து வரும் நீர் மாரியிலும் கோடையிலும் ஏறக்குறைய 10 பாகை வெப்பத்திலேயே இருக்கும். வெளியே உறைபனி கொட்டினாலும் பாத்தியில் தண்ணீர் உறையாது. 1865இல் அங்குள்ள ஆல்டனையும் ஆல்ரெஸ்போர்டையும் தொட்டு ரயில் வந்ததும் கூடை கூடையாக லண்டனுக்குப் போனது. அந்தப் பாதை 1973இல் மூடப்பட்டது. பிறகு ஆர்வலர்கள் பழைய நீராவி வண்டிகளை அதன் ஒரு பகுதியில் ஓடவிட்டார்கள். இன்றைக்கும் அதன் பெயர் வாட்டர்கிரெஸ் லைன்.

லண்டனில் இதை வாங்கித் தின்றவர்கள் கூலிக்காரர்கள். ரொட்டிக்குள் வைத்துக் காலையில் தின்பார்கள். ரொட்டி வாங்கக் காசில்லாதவர்கள் கீரையை மட்டும் தின்றார்கள். ஹென்றி மேஹ்யூ 1851இல் வெளியிட்ட லண்டன் ஏழைகள் பற்றிய நூலில் எட்டு வயதுக் கீரைக்காரச் சிறுமி ஒருத்தி வருகிறாள். விடியமுன் ஃபாரிங்டன் சந்தையில் கீரை வாங்கி, சிறு கட்டுகளாகக் கட்டி, குளிரில் தெருத்தெருவாகக் கூவி விற்றவள். அலங்காரக் கொத்தைத் தட்டில் ஒதுக்குகிறவர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு அவள் ஞாபகம்தான்.

கடல் கடந்தால் கதை மாறுகிறது. ஹாங்காங்கில் இதன் பெயரை அப்படியே தமிழாக்கினால் மேலைக்கடற் கீரை. மோங்கொக் பகுதியில் இந்தக் கீரைத் தோட்டங்கள் இருந்த இடத்தில் இதன் பெயரிலேயே ஒரு தெரு இருக்கிறது. அங்கே இதைப் பச்சையாகத் தின்பது வழக்கமில்லை. பன்றி எலும்பு, சர்க்கரைப் பாகில் ஊறிய, பேரீச்சைபோன்ற இலந்தைப்பழம், இவற்றோடு மணிக்கணக்காகக் கொதிக்கவிட்டு சூப் வைப்பார்கள். தண்ணீர் கொதித்த பிறகுதான் கீரையைப் போட வேண்டும், முதலே போட்டால் கசக்கும் என்பது வீட்டு மூத்தவர்கள் சொல்லும் விதி. வெட்டினால் விழிக்கும் நொதியை வெந்நீர் சட்டென்று கொன்றுவிடுகிறது என்று நான் எனக்குள் விளக்கம் சொல்லிக்கொள்வேன். சமையல்காரர்களுக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை.

மொரீஷியஸில் இரண்டுக்கும் நடுவழி. கீரை எல்லாவற்றுக்கும் அங்கே பிரெட் என்று பொதுப்பெயர், இது பிரெட் கிரெசோன். தமிழ் வம்சாவளியினர் வீடுகளிலும் மற்றவர் வீடுகளிலும் ஒரே மாதிரி: எண்ணெயில் வெங்காயம், பூண்டு, இஞ்சி வதக்கி, கீரையும் தண்ணீரும் சேர்த்து ஒரு கொதி. சோற்றில் ஊற்றி, பக்கத்தில் கருவாடும் தக்காளிச் சட்னியும். நம் இரசத்தின் இடத்தில் நிற்கிற சாறு அது.

இரண்டு எச்சரிக்கை. ஆடு மாடு மேயும் வயலோர ஓடையில் தானாக முளைத்ததைப் பறித்துப் பச்சையாகத் தின்ன வேண்டாம். ஈரல் தட்டைப்புழுவின் கூடுகள் இலையில் ஒட்டியிருக்கும், கழுவினாலும் போகாது. கடையில் விற்பது கட்டுப்பாடான ஊற்றுநீரில் வளர்ந்தது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் திடீரென்று அதிகம் சேர்க்குமுன் வைத்தியரிடம் கேளுங்கள். வைட்டமின் கே இதில் நிறைய.

வாங்கிய பையை இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். மூன்றாம் நாள் மஞ்சளாகி நாற ஆரம்பிக்கும். பூங்கொத்துபோலக் கட்டாகக் கிடைத்தால் தண்டு நனைய ஒரு குவளைத் தண்ணீரில் நிறுத்திவையுங்கள். போன வாரம் மிஞ்சிய நாலு தண்டு என் சமையலறை ஜன்னலோரம் அப்படித்தான் நிற்கிறது. கணுக்களில் நூல்நூலாக வெள்ளை வேர் விட்டிருக்கிறது. தண்ணீரைத்தான் தினமும் மாற்ற வேண்டியிருக்கிறது.