திரைக்கு இந்தப் பக்கம்



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ‘விசுவாசியின் துணிவு’. கிறிஸ்தவன் கடவுளை நேரே போய்ப் பார்க்கலாம் என்று நம்புகிறானே, அந்தத் துணிவு எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டுமாம். துணிவைப் பற்றிக் கடலூரில் வந்து பேசுவது திருநெல்வேலிக்கே அல்வா கொடுப்பது மாதிரி. கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியும் அப்பர் கரையேறினார் என்று சொல்லும் ஊர் இது. கரையேறவிட்டகுப்பம் என்று ஓர் ஊரே இங்கே இருக்கிறது. ஆகவே துணிவை விட்டுவிட்டுத் திரையிலிருந்து தொடங்குகிறேன்.

நம் மாவட்டம் திரைகளின் மாவட்டம். இங்கிருந்து பஸ் ஏறினால், சிப்காட் வாடையைத் தாண்டி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகச் சிதம்பரம். அங்கே ஒரு திரை. அதை விலக்கினால் பொன் வில்வ மாலை தொங்கும் வெட்டவெளி. அதுதான் ரகசியம். மேற்கே போனால் வடலூர். 1872-இல் வள்ளலார் திறந்த சத்திய ஞான சபையில் ஏழு திரைகள். மாதப் பூசத்தில் ஆறு விலகும், தைப்பூசத்தில்தான் ஏழும் விலகும். அந்தக் கூட்டத்தில் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு எட்டிப் பார்க்கிற தகப்பன்மாரைப் பார்த்திருப்பீர்கள்.

நான் சொல்ல வந்த மூன்றாவது திரை எருசலேம் ஆலயத்தில் இருந்தது. நீலம், இரத்தாம்பரம், சிவப்பு நூலும் மெல்லிய பஞ்சுநூலும் சேர்த்து நெய்த திரை. அதே மாதிரித் திரைக்குப் பின்னால்தான், மோசே காலத்துக் கூடாரத்தில் உடன்படிக்கைப் பெட்டி இருந்தது. பெட்டியின் மேல் இரண்டரை முழ நீளம், ஒன்றரை முழ அகலத்தில் பசும்பொன் மூடி. தமிழ் வேதாகமம் அந்த மூடிக்கு வைத்த பெயர் கிருபாசனம். அங்கே போக ஒரே ஒருவருக்குத்தான் அனுமதி: பிரதான ஆசாரியர். அவருக்கும் வருஷத்தில் ஒரே நாள். வெறுங்கையோடு போக முடியாது. பலியின் இரத்தமும் தூபமும் வேண்டும். ஊர் முழுக்க வெளியே நிற்கும்.

இயேசு சிலுவையில் உயிர் விட்ட நேரத்தில் ஆலயத்தின் திரை மேலிருந்து கீழாகக் கிழிந்தது என்று மத்தேயுவும் மாற்குவும் எழுதுகிறார்கள். திசையைக் கவனியுங்கள். கீழே நிற்கிற மனிதன் கிழித்தால் கீழிருந்துதான் கிழியும். மேலிருந்து கிழிந்தது என்றால், கிழித்தவர் மேலே இருந்தவர்.

இப்போது எபிரெயருக்கு எழுதின நிருபத்துக்கு வாருங்கள். எழுதியவர் பெயர் அதில் இல்லை. ஆனால் திரையின் அருமை தெரிந்தவர். எல்லாரும் தைரியமாய் வாருங்கள், இரக்கம் கிடைக்கும் என்கிறார். எங்கே வரச் சொல்கிறார்? கிருபாசனத்தண்டைக்கு! மூல கிரேக்கத்தில் இரண்டும் ஒரே சொல் அல்ல. பெட்டியின் மூடிக்கு ஒரு சொல். இங்கே வருவது ‘கிருபையின் சிங்காசனம்’. தமிழாக்கியவர்கள் இரண்டுக்கும் கிருபாசனம் என்றே போட்டுவிட்டார்கள். இலக்கணக்காரர் குறை சொல்லலாம். எனக்கு இந்தக் குறை பிடித்திருக்கிறது. யாரும் கிட்டவே போக முடியாத அதே இடத்துக்கு இப்போது எல்லாருக்கும் அழைப்பு என்பதை, கிரேக்கத்தைவிடத் தமிழ் ஒரே சொல்லில் பளிச்சென்று காட்டிவிடுகிறது.

‘தைரியம்’ என்ற சொல்லிலும் ஒரு சங்கதி உண்டு. அதற்குக் கிரேக்கச் சொல் ‘பர்ரேசியா’. எல்லாவற்றையும் பேசுவது என்று பொருள். பழைய ஏதென்ஸ் நகரசபையில் குடிமகன் எழுந்து மனதில் பட்டதை மறைக்காமல் பேசலாம். அடிமைக்கு அந்த உரிமை கிடையாது. அந்தச் சொல்லை எடுத்துத்தான், உள்ளே வர உங்களுக்கு உரிமை உண்டு என்கிறார் நிருபக்காரர். ஆகவே இது மார்தட்டும் வீரம் இல்லை. சொந்த வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அடுப்பங்கரைக்குப் போகிறோமே, அந்த உரிமை. அங்கே யாரும் நம் தகுதிச் சான்றிதழைக் கேட்பதில்லை.

சேக்கிழார் பாடிய நந்தனாரை நினைக்காமல் இதைச் சொல்ல முடியவில்லை. ‘நாளை’ என்று தள்ளித் தள்ளியே திருநாளைப்போவார் என்று பேர் வாங்கியவர். திருப்புன்கூரில் நந்தி விலகி அவர் பார்க்க வழி விட்டது. ஆனால் தன் சாதியை நினைத்துத் தில்லை எல்லையில் அவர் கால் தயங்கியது. கடைசியில் தீயில் இறங்கித்தான் உள்ளே போனார். எபிரெயர் நிருபமோ, அழைப்பைச் சொல்வதற்கு முன்பே ‘இன்று’, ‘இன்று’ என்று திரும்பத் திரும்ப அழுத்துகிறது. நந்தனாரின் ‘நாளை’யைப் படிக்கும்போதெல்லாம் இந்த ‘இன்று’ என் காதில் விழும். அவர் பெயரில் 1916-இல் சிதம்பரத்திலேயே பள்ளிக்கூடம் தொடங்கினார் சுவாமி சகஜானந்தர். அந்த மனிதருக்கும் நாளைவரை பொறுக்க முடியவில்லை போலும்.

கோயிலைச் சொல்லிவிட்டுச் சர்ச்சைச் சொல்லாமல் போனால் நான் கைதட்டலுக்குப் பேசியவன் ஆவேன். இந்தச் செய்தி கடலூருக்கு வந்து நெடுங்காலம் ஆகிறது. 1740-இல் ஸ்வீடன்காரர் கீர்நாந்தர் இங்கே வந்து பதினெட்டு வருஷம் ஊழியம் செய்தார். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி ஊரைப் பிடித்ததும் கீர்நாந்தர் கல்கத்தாவுக்குப் போனார். அவர் போனார், செய்தி தங்கியது. ஆனால் கிழிந்த திரையைப் பற்றிப் பிரசங்கம் கேட்ட நாமே சுவர் எழுப்பிக்கொண்டோம். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் ஆலயத்தை, இரண்டு சாதியார் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே பீடத்தைப் பார்க்கும்படி, கால்சட்டை மாதிரி இரண்டு கிளையாகக் கட்டினார்கள். அந்தச் சுவர் 1910-இல்தான் இடிந்தது. பழைய கதை என்று தள்ள வேண்டாம். நமக்குப் பக்கத்தில் எறையூரில் 2008 மார்ச்சில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே சாதிப் பூசல், போலீஸ் துப்பாக்கிச் சூடு, இரண்டு உயிர். மேலிருந்து கிழித்தவர் இதையும் மேலிருந்துதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது வேறு மாதிரித் திரைகளும் வந்துவிட்டன. ஜெபக்குறிப்பை எனக்கு அனுப்புங்கள், காணிக்கையையும் அனுப்புங்கள், நான் உங்களுக்காகப் பேசி வாங்கித் தருகிறேன் என்று தொலைக்காட்சியில் கூப்பிடுகிறவர்கள். ஒருவருக்காக ஒருவர் ஜெபிப்பது வேறு, தரகு வேறு. பத்திரப்பதிவு அலுவலக வாசலில் நிற்கிறவரைப் பார்த்த நமக்கு வித்தியாசம் தெரியாதா?

தைரியம் என்றால் எப்படி இருக்கும் என்று எனக்குக் காட்டியது எந்தப் பிரசங்கமும் இல்லை, எங்கள் ஆயா. எழுதப் படிக்கத் தெரியாது. சர்ச்சில் எல்லாரோடும் ஜெபிக்கும்போது வேதாகமத் தமிழ்தான்: ‘தேவரீர்’, ‘நீர்’, ‘உம்முடைய’. சைவர்கள் சிவபெருமானை உரிமையோடு ‘நீ’ என்று பாட, நாங்கள் மட்டும் ‘நீர்’ என்று தள்ளி நின்றே பழகிவிட்டோம். ஆயா வீட்டுக்குள் அந்த மரியாதையை எல்லாம் கழற்றி வைத்துவிடும்.

2011 டிசம்பர் கடைசி. தானே புயல் அடித்த ராத்திரி. ஓடு பறக்கிற சத்தம், பின்பக்கம் முந்திரி மரம் முறிகிற சத்தம். பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்கள் வேரோடு சாய்ந்தது மறுநாள்தான் தெரிந்தது. பக்கத்து வீட்டுக் கூரை போய்விட்டது. அந்தம்மா திருநீற்று நெற்றியோடு இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டார். அரிக்கேன் விளக்கு ஒன்றுதான். ஆயா டிரங்குப் பெட்டியில் முழங்கையை ஊன்றி முட்டி போட்டது. முதலில் ‘ஆண்டவரே, நீர்’ என்று ஒழுங்காகத்தான் தொடங்கியது. பெரிய மரம் ஒன்று சாய்ந்ததும், “யப்பா, என்னாதான் நெனச்சிக்கினு இருக்க நீ? இத்தினி புள்ளைங்கள வச்சிக்கினு நான் எங்க போவேன், சொல்லு” என்று சண்டைக்கே போய்விட்டது.

பக்கத்து வீட்டம்மா நடுங்கிக்கொண்டே, “ஆயா, எனக்கும் சேத்துச் சொல்லு ஆயா” என்றார்.

ஆயா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது. “வந்து நீயே சொல்லேண்டி. அவருக்குக் காது நல்லாத்தான் கேக்கும்.”